கினிசிமெரே கேலி செய்தால் கால் போகும்

எங்கள் டவுனில் சொல்லிக்கொள்ளும்படியாக இரண்டே கட்டிடங்கள். ஒன்று சர்க்கரை ஆலை, இன்னொன்று ஆஸ்பத்திரி. முதல் கட்டிடத்தில் காய்ச்சுவதை வாழ்நாளெல்லாம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டவர்கள், கடைசியில் இரண்டாவது கட்டிடத்துக்கு வந்து காலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த ஆண்கள் வார்டில்தான் கினிசிமெரேயும் நானும் உதவியாட்களாக இருந்தோம். புண் கழுவுவது, மலச்சட்டி வைப்பது, சோறு ஊட்டுவது, டாக்டர் சொன்னதை நோயாளிக்கும் நோயாளி சொல்லாததை டாக்டருக்கும் எடுத்துச் சொல்வது, இதுதான் எங்கள் பிழைப்பு. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அவள் இப்போது சலவை அறையில் துணி மடிக்கிறாள். யார் எதைக் கேட்டாலும் புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டுகிறாள். பிஜியிலேயே வேறு யாருக்கும் இல்லாத நாக்கு அவளுடையது. அது எப்படி இப்படி ஊமையானது என்று புதிதாக வரும் பெண்கள் என்னைக் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஆற்று முகத்தில் இருக்கும் நாவதுகோரோ கிராமத்துக்காரி. தோள் இரண்டும் கதவு அகலம். புருஷன் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போனவன், பறிக்க வேண்டியது வேறு ஏதோ கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான். வேறொருத்தியாக இருந்தால் ஒரு வருஷம் தலைகாட்டியிருக்க மாட்டாள். இவள் அடுத்த நாளே வேலைக்கு வந்து, டீ வேளையில் எல்லோர் நடுவிலும் நின்று தானே சொன்னாள்.

"கேட்டீங்களா, என் புருஷனுக்கு அங்க ஒரு வெள்ளச்சி கெடச்சுட்டாளாம். பாவம் அவ. அவன் குறட்டைய நான் பன்னெண்டு வருஷம் சும்மாவே கேட்டேன், அவளாவது அதுக்கு ஏதாச்சும் கூலி வாங்கிக்கட்டும்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்தோம். அதற்கப்புறம் அவள் முதுகுக்குப் பின்னால் பேச யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. வலிக்கிற இடத்தைத் தானே முதலில் கிள்ளிவிடுவது அவள் வழக்கம். பிறர் விஷயத்திலும் அதையே செய்தாள்.

எங்கள் டாக்டர் ஷால்வின் கைராசிக்காரர். கத்தி பிடித்தால் அவ்வளவு சுத்தம். வாயைத் திறந்தால்தான் சங்கடம். "இன்ஃபெக்ஷன் எலும்பு வரைக்கும் போயிருக்கு, நாம ஆம்புடேஷனைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்" என்பார். படுக்கையில் இருப்பவர் புருவத்தை உயர்த்துவார். இங்கே புருவம் உயர்ந்தால் ஆமாம் என்று பொருள். ஆனால் எதற்கு ஆமாம்? காது கேட்கிறது, ஆமாம். நீங்கள் பெரியவர், ஆமாம். சீக்கிரம் பேசிவிட்டுப் போங்கள், ஆமாம். டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்வார். காலையில் போய்ப் பார்த்தால் படுக்கை காலியாக இருக்கும். ஆள் அழுகிய காலோடு முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போயிருப்பான். யோசிக்கிறோம் என்றால் வெட்டப்போகிறோம் என்று அர்த்தம், அது நோயாளிக்குத் தெரியும். தன் புருவத்துக்கு என்ன அர்த்தம் என்பதுதான் டாக்டருக்குத் தெரியாது.

கினிசிமெரே அங்கேதான் நுழைந்தாள். இந்த மண்ணில் தவ்வு என்று ஒரு முறை உண்டு. இரண்டு ஊர்களுக்கு மூத்த குலதெய்வம் ஒன்றாக இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தவ்வு. தவ்வு தவ்வை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், உடுத்தியிருக்கும் சட்டையையே உருவிக்கொண்டு போகலாம். கேட்டவனுக்குக் கோபம் வரக்கூடாது. வந்தாலும் காட்டக்கூடாது, காட்டினால் அவன் மனுஷனே இல்லை. நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் முன்னால் கைக்குழந்தை. நாவதுகோரோவுக்குப் பாதித் தீவு தவ்வு. மீதிப் பாதிக்கும் அவள் எங்கேயாவது தோண்டி ஒரு முறை கண்டுபிடித்துவிடுவாள். எங்கள் இந்தியர்களிடம் மட்டும் அவள் வாலாட்டவில்லை. நாங்கள் வக்கீல் வைத்துவிடுவோம் என்று தெரியும்.

அவள் முதலில் கை வைத்தது பிலிமோனி மேல். பக்கத்து திலைவுனா கிராமத்தான், சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்கிறவன், வாயாடி. இடது பாதம் கருத்துப்போய் வந்து படுத்தான். வெட்ட விடமாட்டேன் என்று மூன்று தரம் மறுத்துவிட்டான். கினிசிமெரே சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், அவன் படுக்கையருகே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஐயய்யோ, யாரு மீன வெயில்ல மறந்துட்டுப் போனது? ஓ, தவ்வு, நீயா! நாங்கூட சமையல்காரனத் திட்டப் பாத்தேன்."

"போடி, உன் ஊரு மீனு புடிச்சு வரும்போதே இப்பிடித்தானே நாறும்" என்றான் பிலிமோனி.

"எங்க மீனாவது செத்த பொறவு நாறும். நீ உசுரோட நாறுற. இந்தக் கால யாருக்காக வெச்சுருக்க? நாய் கூட மோந்து பாத்துட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போவும். வெட்டலன்னா அடுத்த ஞாயித்துக்கெழம நீ பொட்டிக்குள்ள. வசிதிக்கு என்ன குறச்சல்? முப்பதாம் நாள் முடிஞ்சதும் அவளக் கட்டிக்க எங்க ஊருல ஒருத்தன் ரெண்டு காலோட நிக்கிறான், நாம் பாத்து வெச்சுட்டேன்."

வசிதி அவன் மனைவி. அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிலிமோனி சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்து, பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நெஜமாத்தானா, தவ்வு?"

"காலா, நீயான்னு ஆயிடுச்சு."

அன்று சாயங்காலமே கையெழுத்துப் போட்டான். பிழைத்துக்கொண்டான். அதற்கப்புறம் டாக்டர் ஷால்வினுக்கு வழி தெரிந்துவிட்டது. ஒரு கால் போயே ஆகவேண்டும், ஆள் மசியவில்லை என்றால் கினிசிமெரேயைக் கூப்பிட்டு விவரம் சொல்வார். இவள் போய்ச் சிரிக்கச் சிரிக்க அவன் உயிரை உரித்து வெளியே வைப்பாள். அதோடு ஆள் மசிந்துவிடுவான். டாக்டர் சொல்லாமல் ஒருவரையும் அவள் சீண்டியதில்லை. மற்றவர்களிடம் வாய் திறக்காமல் புண் கழுவிவிட்டுப் போவாள், கை அவ்வளவு பதமாக இருக்கும்.

வார்டு இதைச் சீக்கிரமே படித்துக்கொண்டது. கினிசிமெரே பேசாமல் போனால் கால் தங்கும். கினிசிமெரே கேலி செய்தால் கால் போகும். அவள் வருகிறாள் என்றால் முரட்டு மீனவர்கள் எல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரிப் படுத்திருப்பார்கள். தாண்டிப் போனதும் பக்கத்துப் படுக்கைக்காரனைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார்கள். டாக்டர் வாயிலிருந்து வருகிற எந்தப் பெரிய சொல்லும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த வார்டில் தீர்ப்பு என்பது அவளுடைய கிண்டல்தான்.

நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அம்மாள் வந்து எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தாள். வியாதிகளின் பெயர்கள், உறுப்புகளின் பெயர்கள், நோயாளியோடு எப்படிப் பேசுவது என்றெல்லாம். நல்ல மனுஷிதான். வலி எவ்வளவு என்று காட்ட சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சி வரைக்கும் வரிசையாக ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். வார்டில் கொண்டுபோய்க் காட்டினோம். பாதம் பிளந்து எலும்பு தெரிகிறவன்கூட சிரிக்கிற மூஞ்சியைத்தான் தொட்டான். வெள்ளைக்கார அம்மாள் விருந்தாளியாக வந்திருக்கிறாள், அவளிடம் அழுகிற மூஞ்சியைக் காட்டுவது மரியாதையா? அம்மாள் மகிழ்ந்துபோனாள். எந்த விஷயத்தையும் நேராகச் சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் சொன்னதை நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள்.

"அப்பிடிக் கேட்டா நீ ஒரு மக்குன்னு சொல்ற மாதிரி இருக்காது?" என்றாள் கினிசிமெரே என் காதோரம். "நான் சொன்னா ஒருத்தனுக்கும் புரியாமப் போனதில்ல, முனி. சுடுதண்ணி ஊத்தினவன்கிட்ட சூடு தெரியுதான்னு கேப்பாங்களா?"

அப்போது எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

பிலிமோனி சில வருஷங்கள் கழித்துத் திரும்ப வந்தான். இந்தத் தடவை வலது பாதத்தில் செருப்புக் கடித்த புண். நேரத்தோடு வந்துவிட்டதால் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. ஆனாலும் பயந்தான். இருப்பது ஒற்றைக் கால். கினிசிமெரே கட்டுப் பிரிக்க வரும்போதெல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்ன தவ்வு, இன்னிக்கி ஒண்ணும் சொல்லலியா?"

"உங்கூட வம்படிக்க எனக்கு நேரம் இல்ல. கால நகத்து."

அதைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்துவிடும். நாள் முழுக்க வார்டையே கலாய்த்துக்கொண்டு கிடப்பான்.

அந்த வாரத்தில்தான் சவெனாதாவை ஒரு லாரியின் பின்னால் மெத்தையோடு கொண்டுவந்து இறக்கினார்கள். அவர் கினிசிமெரேயின் அண்ணன். நாவதுகோரோ தலைவர் வீட்டில் சபைக்கான யங்கோனா வேர்ப் பானம் கரைக்கிற உரிமை அவருடையது. சபை நடுவில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, மரத் தொட்டியில் கை விட்டுக் கரைத்து, தலைவருக்கு முதல் சிரட்டை கொடுப்பவர். பாதம் கணுக்கால் வரை கருத்திருந்தது. காய்ச்சல் வேறு. பிலிமோனிக்குப் பக்கத்துப் படுக்கை மட்டுமே காலியாக இருந்ததால் அங்கே போட்டோம்.

டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு நாள் தாங்கினால் பெரிது என்றார். நானே போய் அந்த ஆஸ்திரேலிய அம்மாள் சொல்லிக்கொடுத்தபடி நேராக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். காலை எடுக்காவிட்டால் நீங்கள் செத்துப்போவீர்கள் என்றேன். புருவத்தை உயர்த்தினார்.

"நான் சொன்னது என்னன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

"கால எடுக்கலன்னா செத்துப்போவேன்."

"அப்ப எடுத்துரலாமா?"

"கால மடிச்சு உக்கார முடியாதவன் தலைவருக்கு முன்னால காலை நீட்டிக்கிட்டு உக்காரணும். அதுக்குச் செத்துரலாம். கொஞ்சம் டீ கெடைக்குமா, தங்கச்சி?"

அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. புரிந்தால் மட்டும் போதுமா? போதகர் வந்து ஜெபம் செய்தார். பிலிமோனி தவ்வு முறையில் ஒரு தரம் சீண்டிப் பார்த்தான். "வாங்க தவ்வு, ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஜோடிச் செருப்பு போதும், ஆளுக்குப் பாதி" என்றான். சவெனாதா அவனைப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கு நொண்டி சகவாசம் வேணாம்" என்றார் கூரையைப் பார்த்துக்கொண்டு. பிலிமோனி சிரித்தான். சிரித்துத்தான் ஆகவேண்டும்.

டாக்டர் கினிசிமெரேயைக் கூப்பிட்டார்.

"என்னம்மா நிக்கிற? போய் உன் வேலையக் காட்டு."

"அவரு என் கூடப் பொறந்தவரு, டாக்டர்."

"அதனாலதான் சொல்றேன். சாகப்போறது உன் அண்ணன்."

டாக்டர் எங்களவர், இந்த ஊரிலேயே பிறந்தவர், அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவசரத்தில் தெரியாத மாதிரி இருந்தார். இங்கே அண்ணன் தங்கை பேசிக்கொள்ள மாட்டார்கள். தங்கை பெரியவளானதோடு சரி. அவர் ஒரு வாசலில் நுழைந்தால் இவள் மறு வாசலில் வெளியேறுவாள். பேரைக்கூடச் சொல்லமாட்டாள். அவர் முன்னால் யாராவது உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்கூட எழுந்து போய்விடுவாள். எங்களிலும் அண்ணன் தங்கை பேசாமல் இருப்பது உண்டு, கரும்புத் தோட்டத்துக்கு அடித்துக்கொண்டு. இவர்கள் மரியாதையால் பேசாமல் இருப்பவர்கள். அவர் வார்டுக்கு வந்த நாள் முதல் கினிசிமெரே அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் நான்தான் செய்தேன். அவள் துணி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, முகம் வீங்கியிருக்கிறதா, சிறுநீர் போகிறதா, கருப்பு எதுவரை ஏறியிருக்கிறது, காலை எடுப்பதற்கு அவர் என்ன சொன்னார் என்று என்னைத் துருவித் துருவிக் கேட்பாள். முழங்காலை நோக்கி ஏறிவிட்டது என்று சொன்ன அன்று, அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஊரையெல்லாம் பேசி எழுப்பினேன், முனி. எனக்குன்னு இருக்கிறது இவரு ஒருத்தருதான்" என்றாள்.

அன்று காலை ரவுண்டில் டாக்டர் பிலிமோனியின் காலையும் பார்த்தார். குனிந்து உற்றுப் பார்த்து, நர்ஸிடம் ஆங்கிலத்தில் கிரானுலேஷன் என்று ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார். புண்ணில் புதுச் சதை வளர்கிறது, இன்னும் இரண்டு கட்டுப் போட்டு அனுப்பிவிடலாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். பிலிமோனி புருவத்தை உயர்த்தினான். அவனிடம் ஒருவரும் விளக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மதியம் பார்வையாளர் நேரம். வார்டு முழுக்கக் கூட்டம், சாப்பாட்டுக் கூடைகள், குழந்தைகள். கினிசிமெரே கையில் தண்ணீர்ச் சட்டியோடு உள்ளே வந்தாள். நேராகப் பிலிமோனியின் கால்மாட்டில் போய் நின்றாள், முதுகை அண்ணன் பக்கம் காட்டிக்கொண்டு. பேச ஆரம்பித்தாள், வார்டின் கடைசிப் படுக்கைவரை கேட்கும் குரலில்.

"என்ன தவ்வு, இன்னும் அந்தப் பொணத்தக் கட்டிக்கிட்டுத்தான் படுத்திருக்கியா? வெக்கமா இல்ல?"

பிலிமோனியின் வாய் சிரிப்புக்குத் திறந்தபடியே நின்றது.

"கேட்டுக்கோ. எலும்பு அழுகிடுச்சு. ரத்தத்துல நஞ்சு எறங்கிடுச்சு. நாளைக்கு கிட்னி நிக்கும், மூத்திரம் நிக்கும், செத்த பன்னி மாதிரி உப்புவ. தூக்குறதுக்கு எங்க ஊருல இருந்து ஒருத்தன் வரமாட்டான், சொல்லிட்டேன். முழுக் காலோட குழிக்குப் போயி என்ன கிழிக்கப்போற? மண்புழுவுக்கு ரக்பி சொல்லிக் குடுப்பியா?"

வார்டு சிரிப்பில் அதிர்ந்தது.

"சபையில கால நீட்டி உக்காரணுமேன்னு கவலையா? பொட்டிக்குள்ள மட்டும் சம்மணம் போட்டா படுக்க வெப்பாங்க? அங்கயும் நீட்டித்தான்டா படுக்கணும். எந்தத் தலைவரு வந்து கோவிச்சுக்குவாரு? ஊரு சனம் உன் தலைவர் முன்னால புது ஆள உக்கார வெச்சு யங்கோனா குடிக்கும். நல்லா கரைக்கிறான், செத்தவன் கை உப்புக் கரிக்கும்னு பேசிக்கும். ஒரு கால் இல்லாதவன் பேச்சுக்கு ஆளாவான், அவ்வளவுதான். செத்தவன் அதுக்குக்கூட ஆக மாட்டான்."

குரல் கடைசியில் ஓர் இடத்தில் உடைந்தது. அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டாள். பிலிமோனி தவ்வு, பதில் சொல்லியாக வேண்டும். சொன்னான்.

"என் கால் அழுகினாலும் ஒரே ஊருதான் நாறும். உன் வாய் நாத்தம் தாங்காமதான ஒரு மனுசன் கடலத் தாண்டி ஓடினான்!"

கூடைக்காரிகள் எல்லாம் தரையில் விழுந்து புரண்டார்கள். வார்டில் எல்லோருடைய கண்ணும் சவெனாதா மேல்தான் இருந்தது, ஏனென்றால் அவர் எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். பிலிமோனி ஒரு கையால் போர்வையை இழுத்துத் தன் வலது காலை மூடிக்கொண்டான்.

கினிசிமெரே வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் சவெனாதா என்னைக் கூப்பிட்டார். "அந்த டாக்டர வரச் சொல்லு, தங்கச்சி. தியேட்டருக்குப் போலாம்." யார் சொல்லி மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரனை யாரோ கேலி செய்தார்கள், அது அவர் காதில் விழுந்தது. அதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை, நடந்ததாகச் சொல்லவும் கூடாது.

மறுநாள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிழைத்துவிட்டார் என்று தியேட்டரிலிருந்து சேதி வந்ததும் கினிசிமெரே துணி அறைக்குள் போய்ப் போர்வைக் கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சமையலறைக்குப் போய்த் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் கிழங்கும் வாங்கிவந்து பிலிமோனியின் தலைமாட்டில் வைத்தாள். இதுவரை எந்த நோயாளிக்கும் அவள் அப்படிச் செய்ததில்லை. உன் தோள்மேல் வைத்து அம்பு விட்டேன், பொறுத்துக்கொள் என்று அவளுக்கு அர்த்தம். வாயால் சொல்ல முடியாது. சொன்னால் தன் அண்ணனோடு பேசினேன் என்று தானே ஒப்புக்கொள்வதாகும். பிலிமோனி அந்த மீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஆடு வெட்டும் முன் தழை காட்டுவதாகத்தான் அவனுக்குப் பட்டிருக்கும்.

"ருசியா இருக்கு, தவ்வு. ஆனா இந்தக் கால உனக்குக் குடுக்கமாட்டேன், பாத்துக்கோ" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். அடுத்த நாள் காலையில் அவன் படுக்கை காலி. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. எப்படியும் அனுப்ப இருந்த ஆள்தானே என்றார். மாத்திரையும் கட்டுத் துணியும் கிராமத்து நர்ஸ் வழியாக அனுப்பினோம். நர்ஸ் போன நேரமெல்லாம் பிலிமோனி தோட்டத்தில் ஒளிந்துகொண்டானாம். ஊசி வேண்டாம், கட்டு வேண்டாம், ஆஸ்பத்திரிக்காரர்கள் நிழல் கூடத் தன் காலில் விழக்கூடாது என்று, ஏதோ இலையை அரைத்துப் பூசிக்கொண்டு கிடந்தான். ஆறிக்கொண்டிருந்த கால் அழுகியது. ஒரு மாதம் தாண்டவில்லை, செத்துப்போனான்.

தவ்வு செத்தால் தவ்வு ஊர் போயாக வேண்டும். போய் அழக்கூடாது. அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும், செத்தவனை ஏச வேண்டும், அடுப்பில் இருக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாவதுகோரோவிலிருந்து இரண்டு லாரி போயிற்று, நானும் ஏறிக்கொண்டேன். சவெனாதாவும் வந்திருந்தார். ஆண்கள் பக்கத்தில் தலைவருக்கு அருகிலேயே அவரை உட்கார வைத்திருந்தார்கள். வெட்டியதுபோக மிச்சமிருந்த காலை நீட்டி ஒரு பாயால் மூடியிருந்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கினிசிமெரே பாய்க்கட்டோடு உள்ளே போனாள். பெட்டியின் மேல் பளாரென்று ஓர் அடி.

"எந்திரிடா சோம்பேறி! சந்தையில கெழங்கு அழுகுது, இங்க படுத்து நடிக்கிற. அங்க போயும் யாருக்கும் காசு பாக்கி வெச்சுக்கிட்டுத் திரியாத, எங்க ஊரு பேரு கெடும்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள். வசிதி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நீ சொன்னது சரிதான், தவ்வு. நீ மொத தடவ சொன்னப்ப கேட்டாரு, பொழச்சாரு. இந்தத் தடவ கேக்கல. 'கினிசிமெரே கேலி பண்ணிட்டா, இந்தக் காலும் போச்சு, டாக்டரு வேற ஏதோ பெரிய பேரு வெச்சுட்டாரு, ரெண்டு காலும் இல்லாம மூட்டையாக் கெடக்கமாட்டேன்'னு சொல்லிட்டு ஓடி வந்தாரு. நீ அவ்வளவு தெளிவாச் சொல்லியும் கேக்கலியே அந்த மடையன். உன்மேல ஒரு குத்தமும் இல்ல."

கினிசிமெரேயின் கை பெட்டியின் மேல் அப்படியே நின்றது. அவள் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த துணியை நான் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நேராக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"வசிதி, கேளு. அவன் கால் நல்லா இருந்துச்சு. ஆறிக்கிட்டு இருந்துச்சு. வெட்ட வேண்டியதே இல்ல. நான் சொன்னது அவனுக்கு இல்ல. என் அண்ணனுக்குச் சொன்னேன். என் அண்ணங்கிட்டதான் பேசினேன்."

எங்கோ ஒருத்தி கிளுக்கென்றாள். அப்புறம் வீடே வெடித்தது. அண்ணனிடம் பேசினாளாம்! அதுவும் காலையும் மூத்திரத்தையும் பற்றி! இப்படி ஒரு அசிங்கத்தைச் சாவு வீட்டில் கேட்டதே இல்லை என்று கிழவிகள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் யங்கோனாவைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்கள். வசிதி மூச்சு வாங்க அவள் தோளில் அடித்தாள்.

"ஐயோ போதும், தவ்வு, வயிறு வலிக்குது! உன்ன மாதிரி ஒருத்தி பொறக்கணும்டி!"

"சத்தியமாச் சொல்றேன், வசிதி. கடவுள் மேல சத்தியம்" என்று கினிசிமெரே கதறினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள், என்ன நடிப்பு என்று.

அவள் திரும்பினாள். நாற்பது வயதுவரை எந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்றிருந்தாளோ அந்தப் பக்கம் பார்த்தாள். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். என்னைச் சேர்த்தால் இரண்டு, ஆனால் ஓர் இந்தியப் பெண் சொல்லி அங்கே யார் கேட்கப்போகிறார்கள். சபை முழுவதும் சவெனாதாவைத் திரும்பிப் பார்த்தது, இந்த வெட்கங்கெட்ட கேலிக்கு அவர் என்ன செய்கிறார் என்று. அவர் தங்கையைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தார், பாய்க்கு அடியில் இருந்த காலைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த தலைவரைப் பார்த்தார். பிறகு எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.